கண்டக்டரைத் தள்ளியவன்

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். அரசு பஸ்ஸில் கண்டக்டர். "மூணு வயசுகூட முடியலீங்க" என்று அம்மா இடுப்பில் தூக்கி வைத்திருப்பாள், பையனின் கால் அவள் முழங்காலுக்குக் கீழே ஆடிக்கொண்டிருக்கும். பாஸில் இருக்கிற போட்டோவுக்கும் அதை நீட்டுகிற முகத்துக்கும் தூரத்து உறவுகூட இருக்காது. டிக்கெட் கேட்டால் செத்தவன்போலத் தூங்குகிறவன், தன் ஊர் வந்தால் யாரும் எழுப்பாமலே முழித்துக்கொள்வான். கிழிந்த நோட்டைக் கிழிசல் உள்ளே போகிற மாதிரி மடித்துக் கொடுப்பவர்கள் எல்லாரும் பார்வைக்கு மகா யோக்கியர்கள். வருஷக்கணக்கில் இதையே பார்த்துப் பார்த்து, வீட்டில் குழம்பு கொஞ்சம் ருசியாக இருந்தால்கூட என்ன விஷயம் என்று கேட்கத் தோன்றும். என் வீட்டுக்காரி அதற்காகவே பல நாள் என்னோடு பேசாமல் இருந்திருக்கிறாள்.

இது எண்பதுகளில் நடந்தது. அப்போது எனக்குக் கிருஷ்ணகிரி–ஓசூர் ரூட். ஓசூரில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. மதுரைக்காரன், திருநெல்வேலிக்காரன், ஆர்க்காட்டுக்காரன் என்று பயல்கள் எல்லாரும் டிபன் டப்பாவோடு அந்தப் பக்கம் போனார்கள். முன்சீட்டில் தெலுங்கு, பின்சீட்டில் கன்னடம், படிக்கட்டில் எல்லா ஊர்த் தமிழும் தொங்கும். கெட்ட வார்த்தை மட்டும் எல்லாருக்கும் எல்லா மொழியிலும் தெரியும்.

வண்டிக்குள், டிரைவர் சீட்டுக்குப் பின்னால், சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும்: பணியிலிருக்கும் ஊழியரைத் தாக்குவது தண்டனைக்குரிய குற்றம். அதன் கீழே யாரோ ஆணியால் 'சில்லறை தராததும்' என்று கீறி வைத்திருந்தான். எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். எங்கள் டெப்போவில் ஒரு கண்டக்டருக்கு மீதிச் சில்லறை தகராறில் காதோடு சேர்த்து அறை விழுந்து, ஒரு பக்கம் காது கேட்காமலே போயிற்று. அந்தச் சட்டம் எங்களுக்கு வேண்டியிருந்தது. அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை.

ஆனால் அந்தச் சட்டம் எங்கள் ஊர்ப் பக்கம் நடைமுறைக்கு வருகிற விதம் வேறு. ஒரு கண்டக்டர் மேலோ டிரைவர் மேலோ கை பட்டது என்று தெரிந்தால், முதலில் வண்டி நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும், பயணிகளோடு. அடுத்து வருகிற வண்டிகள் ரோட்டுக்குக் குறுக்கே நிற்கும். ஆளை உள்ளே வைத்தாயிற்று என்று போலீஸ்காரர் வாயால் சொன்ன பிறகுதான் வண்டிகள் கிளம்பும். ஆக, யாராவது ஒருவன் உள்ளே போயே ஆகவேண்டும். அவன்தான் அடித்தானா என்பதை வண்டிகள் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்று குந்தாரப்பள்ளிச் சந்தை. சந்தை நாளில் அந்த ஊர் ஸ்டாப்பில் வண்டி நின்றால் மனுஷன் ஏறுகிறானா மூட்டை ஏறுகிறதா என்று பிரித்துப் பார்க்க முடியாது. நான் முன்வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். பின்வாசல் வழியாக என்னென்ன ஏறியது என்று எனக்குத் தெரியாது. தெரியாதது ஒன்று ஏறியிருக்கும் என்று மட்டும் உறுதியாகத் தெரியும்.

இப்படி நெரிசலாக ஏறினால், ஊரைத் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி, எல்லாருக்கும் டிக்கெட் போட்டு முடித்த பிறகே நகர்த்துவேன். நடுவில் செக்கிங் ஏறி, டிக்கெட் இல்லாத ஒருவன் அகப்பட்டால் அவனுக்கு ஒன்றும் ஆகாது, என் வேலைதான் ஆட்டம் காணும். கம்பெனிப் பயல்களுக்கு இது பிடிக்காது. இரண்டாம் ஷிப்டுக்கு கார்டு அடிக்கிற நேரம் தப்பினால் அவர்களுக்கு அரைநாள் போய்விடும்.

அன்றும் ஓரங்கட்டினோம். பின்பக்கம் நின்றிருந்த ஒரு பையன் ஆரம்பித்தான். நீலச் சட்டை, பாக்கெட்டில் கம்பெனி அடையாள அட்டை. சிங்காரப்பேட்டைப் பக்கம் சொந்த ஊர் என்று பிறகு தெரிந்தது.

"சார், வண்டிய எடுங்க சார். போயிட்டே போடுங்க டிக்கெட்ட. ட்ரெயினி சார் நானு, அடுத்த மாசம் கன்பர்ம் பண்றாங்க. இந்த நேரம் பாத்து லேட்டுன்னா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"அவ்ளோ அவசரம்னா முந்தின வண்டியில வர்றது."

"முந்தின வண்டி வந்தாதானுங்களே!"

"அத எங்கிட்ட ஏன்யா கேக்கற? நானா ஓட்டறேன்?"

"நீங்க நின்னா அது நிக்குது, நீங்க ஊதுனா அது போவுது. வேற யார கேக்கறது?"

வண்டியே சிரித்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ஒரு நிமிஷத்தில் முடியவேண்டிய வேலையை, வேண்டுமென்றே இன்னும் மெதுவாகச் செய்தேன். அவன் மேல்கம்பியை ஓங்கித் தட்டி, "அநியாயம் பண்றாங்க" என்று கத்தினான். நான் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பின்படிக்கட்டுப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளுக்குக் குனிந்து டிக்கெட்டை நீட்டினேன்.

பின்னாலிருந்து விழுந்தது ஒரு இடி. அப்படியே முன்னால் போய், சீட்டுக் கம்பியில் நெற்றி மோதியது. கையிலிருந்த டிக்கெட் கட்டுகள் சிதறின. கண்ணை மறைத்துக்கொண்டு ரத்தம் வழிந்தது. திரும்பினால் அந்த நீலச் சட்டை, தூக்கிய கையோடு, என் பின்னால் நின்றது.

"அடிச்சிட்டியாடா? என்னையாடா அடிச்ச?" என்று அவன் சட்டையைப் பிடித்தேன்.

"ஐயோ சார், நான் தொடவே இல்ல சார்!"

டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். அவர் எனக்கு மூத்தவர், டெப்போவில் எங்கள் சங்கத்துக்குச் செயலாளர். "ஒருத்தனும் எறங்கக் கூடாது" என்று இரண்டு வாசலையும் சாத்தினார். வண்டி எங்கேயும் நிற்காமல் போய் நெடுஞ்சாலை ஓரத்துப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றது. நாங்கள் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் பின்னால் வந்த வண்டிகள் ரோட்டை மறித்துக்கொண்டு நின்றன. வெளியே எங்கள் ஆட்கள் "கைது செய், கைது செய்" என்று கத்த ஆரம்பித்தார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் என் நெற்றியைப் பார்த்தார். பையனின் பின்கழுத்தில் ஒன்று போட்டார். பிறகு செக்‌ஷனைச் சொன்னார். பணி செய்யவிடாமல் தடுத்துக் கை வைத்தால் இரண்டு வருஷம் வரை, காயம் உண்டாக்கியிருந்தால் மூன்று வருஷம் வரை. "ரத்தம் வந்திருக்குல்ல, ரெண்டையும் போட்ருவோம்" என்றார், டீக்கடையில் வடையும் சேர்த்துச் சொல்கிற மாதிரி. பையன் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். "கேஸு வந்தா கம்பெனியில சேத்துக்க மாட்டாங்க சார், கேஸு மட்டும் வேணாம் சார்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். ஜெயிலைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எங்கய்யா அடிச்சான் உன்ன?" என்று சப்-இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்.

அங்கேதான் நான் உளறினேன். அடி விழுந்தது பின்புறத்தில், உட்காருகிற இடத்தில். காக்கிச் சட்டை போட்டவன், நாலு போலீஸ்காரர் முன்னால், அதை எப்படிச் சொல்வது? "முதுகுலங்க" என்றேன்.

சொல்லிவிட்டு, வண்டியில் சிதறிக் கிடந்த டிக்கெட்டுகளைப் பொறுக்கப் போனேன். பயணிகளை எல்லாம் முன்வாசல் வழியாக இறக்கிவிட்டிருந்தார்கள். பின்பக்க நீளச் சீட்டில் ஒருவர் மட்டும் கறுப்புக் கம்பளியை முழங்காலிலிருந்து தரை வரைக்கும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாயி. வெயிலோ மண்டையைப் பிளந்தது.

"எறங்கலயா?"

"கால் நோவு சாமி."

கால் நோகிறவன் காலை இவ்வளவு விரித்து உட்காரமாட்டான். சீட்டுக்கு அடியில் புழுக்கை உருண்டு கிடந்தது. கம்பளியைப் பிடித்து இழுத்தேன். "பேடா சாமி, பேடா" என்று, வேண்டாம் வேண்டாம் என்று, கன்னடத்தில் கெஞ்சினார். உள்ளே ஒரு செம்மறிக்கடா, சுருண்ட கொம்போடு, வாயில் என்னுடைய டிக்கெட் கட்டு ஒன்றை மென்றுகொண்டு என்னைப் பார்த்தது. கழுத்துக் கயிறு அவிழ்ந்திருந்தது. குனிந்து நின்றவனைப் பார்த்தால் முட்டாமல் இருக்க அது என்ன மகானா? இடித்த இடம் எனக்கு வலித்தது, அந்த உயரம் கடாவின் உயரம். பையன் அங்கே அடிக்கவேண்டுமென்றால் மண்டிபோட்டுத்தான் அடித்திருக்க வேண்டும்.

டிரைவர் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தார். அவர் முகம் ஒரு நொடியில் மாறியது.

"மூடுய்யா அத."

"அண்ணே, பையன் தள்ளலண்ணே. இதுதான்."

"மூடுன்னா மூடு. ரோட்ல நிக்கற வண்டியப் பாத்தியா? கடா முட்டுனதுக்கு மறியல் பண்ணானுங்கன்னு பேப்பர்ல போடுவான். லக்கேஜ் டிக்கெட் போடாம கடாவ ஏத்துனேன்னு உனக்கு மெமோ குடுப்பான். பேசாம வா."

நான் கேட்கவில்லை. நேராக உள்ளே போய்ச் சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"முதுகுன்ன. இப்ப சூத்துங்கற. பையன்ன, இப்ப கடாங்கற. இந்தப் பையனோட ஆளு யாராவது வெளிய உன்னப் பாத்து ஏதாவது குடுத்தாங்களா?"

"சத்தியமா இல்லீங்க. வந்து பாருங்க, வண்டியிலதான் இருக்குது."

வந்தோம். பின்சீட்டில் யாரும் இல்லை. கம்பளி இல்லை, கடா இல்லை. பின்வாசல் திறந்து கிடந்தது. அந்தப் பக்கம் கேழ்வரகுக் கொல்லை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. சாத்தியிருந்த வாசலைத் திறந்துவிட்டது யார் என்று நான் டிரைவரைப் பார்த்தேன். அவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். புழுக்கையைக் காட்டினேன். "சந்தை வண்டியில புழுக்கை கெடக்காம மல்லிப்பூவா கெடக்கும்?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். பிறகு ரோட்டுக்குப் போய், ஆளை உள்ளே வைத்தாயிற்று, வண்டியை எடுங்கள் என்று கையைத் தூக்கிச் சொன்னார். எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். என்னிடம், "போய்த் தையலப் போடு. மண்ட தெளிஞ்ச பின்னாடி காலையில வந்து புகார்ல கையெழுத்துப் போடு" என்றார்.

தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரி முழுக்கதையையும் கேட்டாள். மஞ்சள் அரைத்துக்கொண்டே, "நெசமா கடாதானா?" என்றாள். உலகத்தையே சந்தேகப்படுகிறவனை அவன் பெண்டாட்டி சந்தேகப்பட்டால் அவனுக்கு எப்படி இருக்கும்? சோறு இறங்கவில்லை எனக்கு.

சாயங்காலம் டிரைவர் வந்தார். இந்தத் தடவை அதட்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்.

"இதப் பாரு. காது போச்சே நம்ம ஆளுக்கு, அவன அடிச்சவன் என்ன ஆனான்? சாட்சி இல்லன்னு வெளிய வந்துட்டான். நீ கடான்னு சொல்லி இவன வுட்டா, நாளைக்கு நெசமாவே நம்மாளு ஒருத்தன் மண்ட ஒடஞ்சி போனாலும், கடா எங்கடான்னுதான் கேப்பான் போலீஸ்காரன். நம்மளுக்குன்னு இருக்கறது அந்த ஒரு சட்டம். அத நீயே சிரிப்பா சிரிக்க வெக்கப் போறியா?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் என்னைக் குடைந்தது. அந்தப் பையன்மேல் எனக்குப் பாசம் ஒன்றும் கிடையாது. வண்டியே சிரிக்கும்படி என்னைப் பேசியவன். அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டு, ஒரு அறை விடு என்றால் சந்தோஷமாகச் செய்திருப்பேன். ஆனால் அவன் செய்யாததற்கு மூன்று வருஷம் என்று நான் கையெழுத்துப் போடுவதா? டிக்கெட் எடுத்தவனை எடுக்கவில்லை என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. என் சந்தேகம் எல்லாம் கையில் டிக்கெட்டைப் பார்க்கிற வரைக்கும்தான். பார்த்த பிறகும் சந்தேகப்படுவது போல நடிப்பவன் கண்டக்டர் இல்லை, அயோக்கியன். இதை டிரைவரிடம் சொன்னேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

காலையில் ஸ்டேஷனுக்குப் போனேன். பையன் அதே சுவரோரம், அதே நீலச் சட்டையில், கண் வீங்கி உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "யாரும் என்னத் தள்ளல" என்று சொன்னேன். கடாவை எழுத மாட்டேன் என்று சப்-இன்ஸ்பெக்டர் பிடிவாதமாக இருந்தார். கால் இடறி விழுந்ததாக எழுதினார். எழுதிக்கொண்டே, "என்ன வாங்கின?" என்று சாதாரணமாகக் கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு, அப்போது நான் ஏதாவது செய்திருந்தால் அந்த இரண்டு செக்‌ஷனும் என்மேல்தான் விழுந்திருக்கும்.

வெளியே வந்தால், எதிர் டீக்கடையில் டிரைவர் ஒரு பெரியவரோடு நின்றிருந்தார். பையனின் அப்பா. பஸ் மாறி மாறி வந்து சேர்ந்திருக்கிறார். என்னைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார். "அண்ணன் எல்லாம் சொன்னாருங்க. உங்கள மறக்கமாட்டோங்க" என்றார். டிரைவர் வேறு பக்கம் பார்த்தார். என்னதான் சண்டை போட்டாலும் என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு டெப்போவில் என்னோடு யாரும் பேசவில்லை. நான் உட்கார்ந்தால் பக்கத்திலிருப்பவன் எழுந்து போனான். எவ்வளவு வாங்கினான், யார் மூலமாக வாங்கினான் என்று எனக்குக் கேட்கும்படியே பேசிக்கொண்டார்கள். கால் இடறி விழுந்ததற்கு ஏன் மறியல் என்று மேலிடம் கேட்டது, எனக்கு மெமோ வந்தது, இன்கிரிமெண்ட் நின்றது. அந்தக் காது போன கண்டக்டர் ஒரு நாள் என் எதிரே வந்து, கேட்கிற காதை என் பக்கம் திருப்பி, "உன் வாயால சொல்லு, வாங்குனியா?" என்றான். இல்லை என்றேன். அவன் கேட்காதவன்போல நடந்து போனான்.

பையன் வெளியே வந்த அடுத்த வாரமோ என்னவோ, டிரைவர் குலசாமிக்கு நேர்த்திக்கடன் என்று டெப்போ பின்புறத்துப் புளியமரத்தடியில் கறி ஆக்கிப் போட்டார். களியும் கறிக்குழம்பும். நான் ஒதுங்கி டிக்கெட் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவரே வந்து கையைப் பிடித்து இழுத்தார். "வாய்யா, கோவத்த வுடு. ஒண்ணாக் கெடக்கறவங்க நாம" என்றார். முதல் பந்தியில் உட்காரவைத்து, ஈரலாகப் பார்த்து இலையில் வைத்தார். பேசாதவர்களெல்லாம் பேசினார்கள். களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து மறுபடி மறுபடி வாங்கித் தின்றேன். கண்ணில் தண்ணீர் நின்றது, காரம் என்று சொல்லிக்கொண்டேன். என் சர்வீஸில் எதையுமே சந்தேகப்படாமல் இருந்தது அந்த ஒரு மத்தியானம்தான்.

பல வருஷம் கழித்து நான் ஓசூர் டவுன் வண்டிக்கு மாறியிருந்தேன். டிரைவர் ஓய்வு பெற்று, போயும் சேர்ந்துவிட்டார். கம்பெனி கேட்டுக்கு எதிரே இருக்கிற ஸ்டாப்பில் ஒருவன் ஏறினான். சூப்பர்வைசர் போடுகிற வெள்ளைச் சட்டை. தொப்பை வைத்திருந்தான். டிக்கெட் வாங்கும்போது என் நெற்றித் தழும்பையே பார்த்தான். எனக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது. கன்பர்ம் ஆகி, மேலே வந்து, நன்றாக இருக்கிறானே!

"நல்லாருக்கியாப்பா? அப்பா எப்பிடி இருக்காரு?"

"செத்துப் பூட்டாருங்க" என்றான். பிறகு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில், "கடா நல்லா இருந்துச்சுங்களா?" என்றான்.

எனக்குப் புரியவில்லை. "எந்தக் கடா?"

"எங்கப்பா குடுத்ததுங்க. குலசாமிக்கு நேந்து வுட்ட கடா. புகார் குடுக்காம இருக்கறதுக்கு கண்டக்டருக்கு செய்யணும்னு டிரைவர் சொன்னாராம். என்னை வெளிய வுட்ட நாலாம் நாளு கிருஷ்ணகிரிக்கு ஓட்டியாந்து அவரு கையில புடிச்சிக் குடுத்தாரு. சாமிக்கு உட்டத மனுசனுக்குக் குடுத்துட்டன், சாமிக்கு உட்டத மனுசனுக்குக் குடுத்துட்டன்னு சாவற வரைக்கும் அதையேதான் சொல்லிட்டிருந்தாரு."

நான் வாங்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். புளியமரத்தடியும் இலையும் ஈரலும் முன்னால் வந்து நின்றன. வாங்கவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். தின்னவில்லை என்று எப்படிச் சொல்வது?

"ஏம்ப்பா, நீ தள்ளலன்னு எனக்குத் தெரியும்ப்பா. அதனாலதான் நான்…"

"நான் தள்ளலன்னு எனக்குத் தெரியாதுங்களா?" என்றான். "தள்ளாதவங்கிட்ட எதுக்குங்க கடா வாங்குனீங்க?"

அவன் ஸ்டாப் வந்தது. இறங்கிப் போனான். பின்னால் நின்றிருந்த ஒரு பையன், "சார், வண்டிய எடுக்கச் சொல்லுங்க சார், லேட்டாவுது" என்றான். நான் விசிலை வாயில் வைத்து ஊதினேன்.